புரை முத்தும்வரை காத்திருப்பு எதற்கு?

சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் பக்கம் கண் பரிசோதனை முகாம் நடக்கும் பள்ளிக்கூட வராந்தாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் மூன்று பேச்சுகள் திரும்பத் திரும்பக் காதில் விழும். "கண்ணுல சதை வளந்திருக்கு" என்பது ஒன்று. "இத்தன வருசமா மருந்துத் தூசி பட்டுப் பட்டு இப்பிடி ஆயிருச்சு" என்பது இன்னொன்று. இந்தப் பக்கம் மருந்து என்றாலே பட்டாசுக்குள் அடைக்கும் வெடிமருந்துதான். மூன்றாவது, "இன்னும் முத்தலை, முத்தட்டும்னு விட்டிருக்கோம்" என்பது.

மூன்றுமே அனுபவத்தில் பிறந்த பேச்சுகள். எதையும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் மூன்றிலும் உண்மை பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி தவறாக இருப்பதால், ஒரு சின்ன அறுவையில் தெளியக்கூடிய கண்ணை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் பல வருடம் மங்கலாகவே காலம் தள்ளுகிறார்கள். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, வயதாக ஆக அதன் கட்டமைப்பு எப்படி மாறுகிறது என்று பொறுமையாகப் பார்த்தால் மூன்று கேள்விகளுக்கும் விடை அதிலேயே கிடைத்துவிடும்.

முதலில் இடத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போலத் தெரியும் பகுதி கார்னியா. அதற்குப் பின்னால் கொஞ்சம் நீர். அதற்கும் பின்னால் கறுப்பாகவோ பழுப்பாகவோ தெரியும் திரை. அந்தத் திரையின் நடுத்துளையைத்தான் பாப்பா என்கிறோம். லென்ஸ் இருப்பது இந்தத் துளைக்கும் பின்னால். மெல்லிய ஓர் உறைக்குள், சுற்றிலும் நுண்ணிய இழைகளால் கட்டப்பட்டு அந்தரத்தில் நிற்கிறது. அதன் குறுக்களவு 9 முதல் 10 மில்லிமீட்டர். கனம் 4, முதுமையில் 5 மில்லிமீட்டர் வரை. புரை விழுவது இந்த லென்ஸில்தான்.

சதை வளர்வது என்பது வேறு நோய். மூக்குப் பக்கத்து வெள்ளை விழியிலிருந்து இளஞ்சிவப்பாக, முக்கோண வடிவில் ஒரு சதை கிளம்பி மெதுவாகக் கருவிழி மேல் ஏறும். வெயிலிலும் புழுதியிலும் உழைப்பவர்களுக்கு அது அதிகம் வரும்; ஆகவே விருதுநகர் மாவட்டத்தில் அதைப் பார்க்காத தெருவே இருக்காது. கண்ணாடி முன் நின்றால் நமக்கே தெரியும். புரை அப்படிப்பட்டதல்ல. மேலே படர்ந்த எதையோ உரித்தெடுத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருகிறது. ஒரே கண்ணில் இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அதனால் எது எது என்று பரிசோதிக்கிறவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இனி லென்ஸுக்குள் போவோம். அதற்கு ரத்த நாளம் கிடையாது, நரம்பும் கிடையாது. இருந்தால் ஒளியை மறைக்கும். தனக்கு வேண்டிய சத்தைச் சுற்றியிருக்கும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. உறையின் உட்புறத்தில், முன்பக்கத்தில் மட்டும், ஒற்றை வரிசையாகச் செல்கள் படிந்திருக்கின்றன. விளிம்பை ஒட்டிய செல்கள் பிரிந்து பெருகி, நீண்டு, நார்களாக மாறுகின்றன. ஒவ்வொரு நாரும் லென்ஸின் வளைவைத் தழுவியபடி முன்னும் பின்னும் ஓடும். புதிதாக வரும் நார்கள் பழைய நார்களின் மேல் அடுக்கடுக்காகப் படிகின்றன. தோலில் பழைய செல் உதிர்ந்து புதியது வருகிறது. லென்ஸில் எதுவும் உதிர்வதில்லை. உறையைத் தாண்டி வெளியே போக வழியே இல்லை. பிறந்த குழந்தையின் லென்ஸ் சுமார் 65 மில்லிகிராம் எடை. எண்பது தொண்ணூறு வயதில் அது 250 மில்லிகிராமை ஒட்டி வந்துவிடுகிறது.

கருவேல மரத்தைக் குறுக்காக அறுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு சட்டென்று பிடிபடும். வெளியே வெளுத்த இளம் கட்டை, நடுவில் கறுத்து இறுகிய வயிரம். மரத்தில் எது பழசோ அது நடுவில் இருக்கிறது. லென்ஸிலும் அப்படியே. நட்ட நடுவில் இருக்கும் நார்கள் நாம் தாய் வயிற்றில் இருந்தபோது உருவானவை. எழுபது வயதுக்காரரின் லென்ஸ் நடுவில் இருக்கும் புரதத்துக்கும் எழுபது வயதுதான், இன்னும் சில மாதம் கூடுதலாகவே இருக்கும்.

இது வெறும் பேச்சுக்குச் சொல்வதல்ல, அளந்து பார்த்த உண்மை. 1950, 60களில் வல்லரசுகள் திறந்த வெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பனின் அளவு கூடியது. சோறு, காய்கறி வழியாக அது எல்லா மனிதர் உடம்பிலும் ஏறியது. மற்றப் பெரும்பாலான உறுப்புகளில் செல்கள் மாறிக்கொண்டே இருப்பதால் அந்தத் தடம் அழிந்துபோகும். லென்ஸின் நடுவில் அழியாது. டென்மார்க் ஆய்வாளர்கள் 2008ல் வெளியிட்ட ஆய்வில், லென்ஸ் புரதத்தில் தங்கியிருக்கும் கார்பனை அளந்தே ஒருவர் பிறந்த ஆண்டை நெருங்கிச் சொல்ல முடியும் என்று காட்டினார்கள்.

நார் முதிரும்போது இன்னொன்றும் நடக்கிறது. தன் உட்கருவையும், சக்தி தயாரிக்கும் உள்ளுறுப்புகளையும் அது தானே அழித்துக்கொள்கிறது. அவையெல்லாம் ஒளியைச் சிதறடிக்கும் துகள்கள். தெளிவுக்காக அவற்றை விட்டுவிடுகிறது. இதற்கு லென்ஸ் கொடுக்கும் விலை பெரியது. அந்தச் செல்லால் இனி புதுப் புரதம் செய்ய முடியாது. கெட்டுப்போனதை மாற்ற முடியாது. முதலில் செய்து வைத்ததை வைத்துத்தான் ஆயுள் முழுவதும் ஓட்ட வேண்டும்.

அப்படிச் செய்து வைத்த புரதங்களில் பெரும்பங்கு கிரிஸ்டலின் என்ற குடும்பம். லென்ஸ் எடையில் மூன்றில் ஒரு பங்கு புரதம், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். இவ்வளவு அடர்ந்த புரதக் கரைசல் கலங்கலாகத்தானே இருக்க வேண்டும்? மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல், ஒரே சீராக நெருங்கி நிற்பதால்தான் ஒளி தடையின்றி ஊடுருவுகிறது. அந்தச் சீர் குலைந்து, ஒளியின் அலைநீளத்துக்கு ஈடான அளவில் கட்டிகள் உண்டானால் ஒளி சிதறும். புரை என்பதை ஒரே வரியில் சொல்ல வேண்டுமானால் இதுதான்: வெளியிலிருந்து எதுவும் வந்து மூடவில்லை, உள்ளே இருந்த ஒழுங்கு போய்விட்டது.

ஒழுங்கைக் காப்பதற்கென்று லென்ஸுக்குள் ஒரு காவலும் உண்டு. கிரிஸ்டலின்களில் ஆல்ஃபா வகை மற்றப் புரதங்களைத் தாங்கிப் பிடிக்கிறது. ஒரு புரதம் சிதைந்து, மடிப்பு அவிழத் தொடங்கினால் ஆல்ஃபா அதோடு சேர்ந்துகொண்டு, மற்றவற்றோடு ஒட்டிக் கட்டியாகாமல் பார்த்துக்கொள்கிறது. 1992ல் ஜோசப் ஹார்விட்ஸ் இந்தக் குணத்தை நிறுவினார். ஆனால் ஆல்ஃபாவின் இருப்பும் பிறவிச் சொத்துதான். லென்ஸின் நடுப்பகுதியில், கரைந்த நிலையில் தனியாக இருக்கும் ஆல்ஃபா நாற்பது வயதை ஒட்டியே பெரும்பாலும் செலவழிந்துவிடுகிறது.

நாற்பது வயது என்றதும் வெள்ளெழுத்து நினைவுக்கு வந்திருக்கும். ஊசியில் நூல் கோக்கக் கையை நீட்டிப் பிடிக்கும் வயது. லென்ஸ் இறுகிப்போனதன் முதல் அறிகுறி அதுதான். சிறு வயதில் லென்ஸ் நெகிழ்ந்து வளையும். பக்கத்தில் பார்க்கும்போது தானாகக் குண்டாகிக்கொள்ளும். நடு வயதில் அந்த நெகிழ்வு போய்விடுகிறது. வெள்ளெழுத்து புரையல்ல, எல்லோருக்கும் வருவது. ஆனால் இரண்டுக்கும் வேர் ஒரே லென்ஸின் முதுமையில் இருக்கிறது. அதே நடு வயதில் லென்ஸின் உட்பகுதிக்கும் வெளிப்பகுதிக்கும் நடுவே ஒரு தடையும் உருவாகிறது. வெளி அடுக்குகளில் தயாராகும் குளூட்டாதையோன் என்ற பாதுகாப்புப் பொருள் முன்போல நடுப்பகுதிக்குப் போய்ச் சேர்வதில்லை. பாதுகாப்பு குறைந்த இடத்தில் ஆக்சிஜனேற்றம் கைவரிசையைக் காட்டுகிறது. புரதங்களுக்கிடையே கந்தகப் பிணைப்புகள் விழுகின்றன. கட்டிகள் பெருகுகின்றன. லென்ஸ் மஞ்சளாகிறது, பிறகு பழுப்பாகிறது, சிலருக்கு ஏறக்குறைய கறுப்பாகவே ஆகிவிடுகிறது. இது நடுப்பகுதிப் புரை. கருவேல மரத்தின் வயிரத்தோடு ஒப்பிட்டது இதைத்தான்.

பிளவு விளக்குக் கருவியின் முன் தாடையை வைத்து உட்காரவைக்கிறார்களே, அதில் மருத்துவர் பார்ப்பது இந்த அடுக்குகளை. கோடு போன்ற மெல்லிய ஒளியைச் சாய்வாகக் கண்ணுக்குள் செலுத்தினால் லென்ஸ் குறுக்காக வெட்டி வைத்தது போலத் தெரியும். இளைஞரின் லென்ஸில் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடுகள் மட்டும். அறுபது வயதில் நடுவில் மஞ்சள் பூத்திருக்கும். எண்பது வயதில், கவனிக்காமல் விட்ட கண்ணில், ஒளிக்கற்றை நடுப்பகுதியைத் தாண்டிப் பின்பக்கம் போகவே திணறும். அது போகும் வழியெல்லாம் தேன் நிறத்திலிருந்து அடர்பழுப்புக்கு மாறிக்கொண்டே போகும். லென்ஸ் எவ்வளவு இறுகியிருக்கும், அறுவையில் எவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கும் என்பதை அந்த நிறத்தைப் பார்த்தே கணித்துவிடுவார்கள்.

இந்த வகைப் புரையின் ஆரம்பத்தில் ஒரு வினோதம் நடக்கும். "தாத்தாவுக்குப் பார்வை திரும்பிருச்சு, கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்காரு" என்று வீட்டில் மகிழ்வார்கள். நடுப்பகுதி இறுகும்போது அதன் ஒளிவிலக்கும் திறன் கூடுகிறது. கண் கிட்டப்பார்வைக்கு நகர்கிறது. அதனால் பக்கத்து எழுத்து தெளிகிறது, தூரத்தில் வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகை மங்குகிறது. பார்வை திரும்பவில்லை, புரை தொடங்கியிருக்கிறது. சில மாதத்திலோ சில வருடத்திலோ பக்கத்து எழுத்தும் மங்கும். எழுபது வயதில் திடீரென்று கண்ணாடியைக் கழற்றி வைத்தவரைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போக அதுவே போதுமான காரணம்.

மஞ்சளான லென்ஸ் நீலத்தையும் ஊதாவையும் விழுங்குகிறது. இதைப் பாதிக்கப்பட்டவர் உணரவே மாட்டார். மாற்றம் அவ்வளவு மெதுவானது. நாள்காட்டியும் டைரியும் லேபிளும் அச்சாகும் சிவகாசியில், ஆஃப்செட் எந்திரத்தின் பக்கத்தில் நின்று நிறம் பார்த்தே முடி நரைத்தவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒருவர் கருநீலத்தையும் கறுப்பையும் பிரித்துச் சொல்லத் தயங்குகிறார் என்றால், கைத்திறமை குறைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். லென்ஸைப் பரிசோதித்தால் போதும். அறுவை முடிந்து கட்டுப் பிரித்தவுடன் பலர் முதலில் சொல்வது, வானம் இவ்வளவு நீலமாக இருக்கிறதே என்பதைத்தான்.

இரண்டாவது வகை வெளி அடுக்குகளில் வருவது. இங்கே கதை தண்ணீரைப் பற்றியது. நார்களின் சவ்வில் உப்புகளையும் நீரையும் அளவாக வைத்திருக்கும் ஏற்பாடுகள் பழுதாகும்போது நார்களுக்கிடையே நீர் தேங்கிப் பிளவுகள் விழுகின்றன, குமிழிகள் தோன்றுகின்றன, நார்கள் ஊதி உடைகின்றன. விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கி ஆரங்களாக வெள்ளை ஏறுகிறது. அவை பாப்பாவுக்கு நேரே வரும்வரை பார்வை நன்றாகவே இருக்கும். ஆனால் பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் கூசும். இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கு ஒரே வெள்ளையாகப் பரந்து எதையும் பார்க்க விடாது. சூரியனின் புற ஊதாக் கதிரோடு தொடர்புள்ளதாக நன்கு நிறுவப்பட்டிருப்பது இந்த வகைதான். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் தொழில் செய்வோரிடம் நடந்து 1988ல் வெளியான ஆய்வு அதற்கு முக்கியச் சான்று. தொப்பி, தலைத்துண்டு, கண்ணாடி எதுவானாலும் கண்ணில் நேர் வெயில் படுவதைக் குறைக்கும். மழை குறைந்த, மரம் குறைந்த நம் பக்கத்தில் இது சின்ன விஷயமல்ல. மருந்துக் காய்ச்சலுக்கும் தீக்குச்சிக் காய்ச்சலுக்கும் வசதியான இதே வெயிலை நம்பித்தான் 1923க்குப் பிறகு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்று வந்த தீப்பெட்டித் தொழில் இங்கே வேரூன்றியது.

மூன்றாவது வகை அளவில் மிகச் சிறியது, தொல்லையில் பெரியது. விளிம்பில் நாராக மாற வேண்டிய செல்கள் வழி தவறி, உறையின் பின்சுவர் ஓரமாக ஊர்ந்து நடுவுக்கு வந்து, அங்கே ஊதிப்போய்க் குவிகின்றன. பின்சுவரின் மையம் என்பது ஒளிக்கதிர்கள் எல்லாம் நெருங்கி வரும் இடம். அங்கே ஒரு சின்ன மறைப்பே போதும். வெயிலில் பாப்பா சுருங்கும்போதும் பக்கத்தில் கூர்ந்து பார்க்கும்போதும் பார்வை மோசமாகும். மங்கிய வெளிச்சத்தில் பரவாயில்லை என்று தோன்றும். கட்டை அடுக்குபவர், பெட்டி ஒட்டுபவர், சரம் பின்னுபவர் ஆகிய எல்லோருக்கும் பக்கத்தில் பார்க்கும் பார்வைதானே கூலி? சரவெடி பின்னும் பெண்ணின் கையைக் கவனித்திருப்பீர்கள். விரல் நீளம்கூட இல்லாத வெடிகள், ஒவ்வொன்றின் திரியையும் பிடித்து வரிசை மாறாமல் நூலில் மடக்கிக் கோக்க வேண்டும். வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தால்தான் திரி தெரியும், அதே வெளிச்சத்தில் கண் கூசும் என்ற நிலை வந்தவர் இந்த வகைப் புரையோடு போராடிக்கொண்டிருக்கலாம்.

இந்த மூன்றாவது வகையை வரவழைப்பவற்றில் சர்க்கரை நோயும் ஸ்டீராய்டு மருந்தும் முக்கியம். மருந்துத் தூசி பற்றிய கேள்வியின் முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது.

பட்டாசு ஆலையின் தூசி படுவது கண்ணின் மேற்பரப்பில். கந்தகமும் அலுமினியத் தூளும் உப்புகளும் கார்னியாவையும் வெள்ளை விழியையும் உறுத்தும். சிவக்கும், எரியும், நீர் வடியும். லென்ஸ் அதற்கெல்லாம் பின்னால், உறைக்குள் இருக்கிறது. அதன் நடுப்பகுதியில் நடக்கும் முதுமை மாற்றத்துக்கு மேலே விழும் தூசி தேவையில்லை. அரவிந்த் கண் மருத்துவமனை மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் நாற்பது வயதைத் தாண்டிய 5150 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2003ல் வெளியானது. அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் புரை இருந்தது. உழவு, ஆடு மேய்ப்பு, கூலி வேலை என்று பிழைக்கும் கிராமங்களிலேயே நிலை இதுதான். வெடிபொருள் தொழிலில் லென்ஸைக் கெடுப்பதாக நன்கு அறியப்பட்டது டி.என்.டி. என்னும் ராணுவ வெடிமருந்து. மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்பில் ஏறி லென்ஸ் விளிம்பில் வளையமாகப் புரையை உண்டாக்கும். சிவகாசிப் பட்டாசின் அடிப்படை அதுவல்ல. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத்தூள் வகைகள்தான்.

ஆனால் தூசியால் கண் உறுத்தும்போது நாம் செய்யும் காரியம் ஒன்று இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் "கண்ணு சிவப்புக்கு ஒரு சொட்டு மருந்து குடுங்க" என்று கேட்டு வாங்குகிறோம். அதில் பல நேரம் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு கலந்திருக்கும். விட்டவுடன் சிவப்பு அடங்கும், குளுகுளுவென்று இருக்கும். அதனால் காலியானதும் மறுபடி வாங்குவோம். மாதக் கணக்கில் விட்டால் அதே மருந்து பின்சுவர்ப் புரையைக் கொண்டுவரும். கண் அழுத்தத்தையும் ஏற்றிப் பார்வை நரம்பைத் தின்னும். புரைக்காவது அறுவை உண்டு, நரம்பு போனால் திரும்பாது. மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் சீட்டு இல்லாமல் வாங்கி விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரைக்கும் இது பொருந்தும். தூசியை நேராகக் குற்றம் சொல்வதை விட, தூசிக்கென்று வாங்கிய பாட்டிலின் பின்பக்கத்தைப் படிப்பது பயன் தரும். தினமும் கண் எரிந்தால் அதற்குச் சரியான வழி பாதுகாப்புக் கண்ணாடி, சுத்தமான நீர், மருத்துவர் எழுதித் தரும் மருந்து.

வெடி விபத்தால் வரும் புரை முற்றிலும் வேறு. வெடித்துச் சிதறிய துண்டு குத்தியோ அதிர்ச்சி தாக்கியோ லென்ஸ் உறை கிழிந்தால், சுற்றியுள்ள நீர் உள்ளே புகுந்து நார்கள் ஊதி, சில மணி நேரத்திலோ சில நாளிலோ முழு லென்ஸும் வெளுத்துவிடும். அறுபது வருடம் எடுக்கும் சிதைவு ஒரு வாரத்தில் நடந்து முடிகிறது. தீபாவளியன்று வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற குழந்தைக்கும் இது நேரலாம். இதற்குக் காத்திருப்பு என்ற பேச்சே கூடாது, கண்ணைக் கசக்காமல் அப்படியே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புகையையும் சொல்ல வேண்டும். விறகடுப்பில் பல காலம் சமைத்த பெண்களுக்கும், பீடி சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்கும் புரை கூடுதலாக வருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள் நிறைந்த மாவட்டம் இது. உணவு பற்றியும் கேட்பார்கள். வட இந்தியாவிலும் தென்னிந்தியாவிலும் அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் நடந்து 2011ல் வெளியான ஆய்வு, ரத்தத்தில் வைட்டமின் சி குறைந்தவர்களுக்குப் புரை அதிகம் இருந்ததைக் கண்டது. நெல்லிக்காயும் கொய்யாவும் எப்படியும் நல்லவை, தாராளமாகச் சாப்பிடலாம். விழுந்த புரையை அவை கரைக்கும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

கரைக்கும் சொட்டு மருந்து உண்டா என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. 2015ல் லானோஸ்டெரால் என்ற பொருள் நாய்களின் லென்ஸைத் தெளியவைத்ததாக ஒரு பெரிய ஆய்விதழில் கட்டுரை வந்தது. உலகமே ஆவலோடு பார்த்தது. அறுவையில் எடுத்த மனித லென்ஸின் நடுப்பகுதியை அந்தக் கரைசலில் ஊறவைத்துப் பார்த்த ஆய்வில் அது தெளியவில்லை. மேலே சொன்ன கட்டமைப்பை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். வாழ்நாள் முழுக்க இறுகி, பிணைப்பு விழுந்து, நிறம் மாறிய புரதத்தை வெளியே விடும் ஒரு சொட்டு பழைய ஒழுங்குக்குத் திருப்ப வேண்டும். இன்றுவரை அப்படி ஒரு சொட்டு மருந்து இல்லை. விளம்பரத்தை நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம்.

இனி மூன்றாவது பேச்சு, முத்தட்டும் என்பது. ஒரு காலத்தில் இது மருத்துவர்களே சொன்ன நல்ல அறிவுரைதான். அன்றைய அறுவையில் லென்ஸை உறையோடு சேர்த்து எடுத்துவிடுவார்கள். கண்ணுக்குள் பதிலுக்கு எதுவும் வைப்பதில்லை. வெளியே தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். நம் பாட்டன்மார் போட்டிருந்த சோடாபுட்டிக் கண்ணாடி அதுதான். அதில் எல்லாம் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். ஒரு கண் ஓரளவு நன்றாக இருக்கும்போது மற்றதை மட்டும் இப்படிச் செய்தால் இரண்டு காட்சிகளும் பொருந்தாமல் தலை சுற்றும். ஆகவே இரண்டும் நன்றாக மங்கட்டும் என்று காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்புக்கு அர்த்தம் இருந்தது.

அந்த அர்த்தத்தைப் போக்கியது கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ். போர் விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்த பிளாஸ்டிக் துணுக்குகள் ரணமாகாமல் கிடந்ததைக் கவனித்த ஹரால்டு ரிட்லி, 1949 நவம்பர் 29 அன்று லண்டனில் முதல் லென்ஸைப் பொருத்தினார். ஏழைகளுக்கு அது எட்ட இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. அது எட்டியதில் நம் பக்கத்து மனிதர் ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் 1918ல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் 1976ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992ல் அதன் தயாரிப்புப் பிரிவான அரோலேப் மதுரையிலேயே லென்ஸ் செய்யத் தொடங்கியது. வெளிநாட்டில் நூறு டாலர் அளவில் விற்ற பொருளைப் பத்து டாலருக்கும் கீழே கொண்டுவந்தது. முகாமிலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போய் இலவசமாக லென்ஸ் வைத்து வீட்டில் கொண்டுவந்து விடுவது இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. சாதாரணமாக்க எவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது என்பதை மறக்கக் கூடாது.

இப்போது காத்திருந்தால் லாபம் எதுவும் இல்லை, நட்டம்தான் உண்டு. இன்றைய அறுவையில் உறையை விட்டுவைக்கிறார்கள். முன்சுவரில் வட்டமாக ஒரு திறப்பு செய்து, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, அந்தப் பைக்குள்ளேயே புது லென்ஸை உட்காரவைக்கிறார்கள். பையும் அதைக் கட்டியிருக்கும் இழைகளும் உறுதியாக இருந்தால் வேலை சுலபம். முற்றிய புரையில் அந்த இழைகள் நலிந்துவிடும். நடுப்பகுதி கல்லாக இறுகியிருந்தால் அதை உடைக்க அதிக ஒலி அலை தேவைப்படும். அந்தச் சக்தி கார்னியாவின் உட்புறச் செல்களைக் கொல்லும், அவை மறுபடி முளைப்பதில்லை. சிலருக்கு லென்ஸ் நீர் ஏறி ஊதிக் கண்ணின் வடிகாலை நெருக்கும். இன்னும் சிலருக்கு வெளி அடுக்குகள் பால்போலக் கரைந்து, பழுப்பு நடுப்பகுதி பைக்குள் கீழே மூழ்கி, கரைந்த புரதம் கசிந்து வடிகாலை அடைக்கும். இரண்டிலும் கண் அழுத்தம் எகிறும். கண் சிவந்து, தலை பிளக்கும் வலியும் வாந்தியும் வரும். பித்தம், ஒற்றைத் தலைவலி என்று இரண்டு நாள் வீட்டில் படுத்தால் பார்வை நரம்பே போய்விடும்.

அப்படியானால் எப்போது செய்வது? லென்ஸ் எத்தனை சதவீதம் வெளுத்தது என்பது அளவுகோல் அல்ல. செய்யும் வேலைக்கும் பிழைப்புக்கும் பார்வை போதவில்லையா என்பதுதான். வீட்டில் ஓய்வாக இருப்பவருக்குப் பொறுக்கக்கூடிய மங்கல், திரியைப் பிடித்து வேலை செய்பவருக்கோ மருந்து அள்ளும் அறையில் இருப்பவருக்கோ பொறுக்கக்கூடியதல்ல. சாம்பல் நிறத் தரையில் சிந்திய சாம்பல் நிறத் தூளைக் கண்டுகொள்ள வேண்டிய வேலை அது. புரை முதலில் பறிப்பது இந்த நிற வேறுபாட்டைத்தான்; சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையை ஓரளவு படித்துவிடுகிறவருக்கும் தரையில் கிடக்கும் தூள் தெரியாமல் போகலாம். ஆலைகள் வருடத்துக்கு ஒரு முறையாவது நாற்பது வயதைத் தாண்டியவர்களின் கண்ணைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். பரிசோதனை ஆளைக் கழித்துக்கட்டும் வழியாகிவிடக் கூடாது. கண் மங்கியது தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அறுவைக்கு விடுப்பும், திரும்பி வந்தால் அதே வேலையும் உண்டு என்று ஆலை முதலில் சொல்லட்டும்.

அறுவை பற்றி இன்னும் இரண்டு குழப்பங்கள். பலரும் லேசர் ஆபரேஷன் என்று சொல்வது பெரும்பாலும் ஒலி அலையால் லென்ஸை உடைத்து உறிஞ்சும் முறை. முகாம்களில் அதிகம் செய்யும் தையலற்ற முறையில் சற்றுப் பெரிய சுரங்கத் திறப்பு வழியாக நடுப்பகுதியை முழுதாக எடுப்பார்கள். கைதேர்ந்தவர் செய்தால் இரண்டிலும் பார்வை நன்றாகவே வரும். தையலற்ற முறையை இரண்டாந்தரம் என்று எண்ணி ஒதுக்க வேண்டியதில்லை. லேசர் உண்மையில் வருவது பிறகுதான். சில மாதமோ வருடமோ கழித்து, "மறுபடி புரை விழுந்திருச்சு" என்று சிலர் வருவார்கள். எடுத்த லென்ஸ் திரும்ப வளர்வதில்லை. பையின் விளிம்பில் மிச்சமிருந்த செல்கள் பழைய பழக்கப்படி பெருகி, பின்சுவரில் படர்ந்து அதை மங்கலாக்குகின்றன. லேசரால் அந்தச் சுவரின் நடுவில் சின்னத் துளை போட்டால், சில நிமிட வேலையில், பார்வை தெளியும். படுக்கையில் தங்க வேண்டியதில்லை.

ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, மறு கண்ணால் மட்டும் எதிர்ச் சுவரில் தொங்கும் நாள்காட்டியின் தேதியைப் படித்துப் பாருங்கள்; பிறகு மாற்றிப் பாருங்கள். நல்ல கண் மற்றதன் குறையை வருடக் கணக்கில் மறைத்துவிடும் என்பதால் இரண்டையும் சேர்த்துத் திறந்து வைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை. வித்தியாசம் தெரிந்தால் உடனே பரிசோதனைக்குப் போகலாம். அறுவை தேவை என்று சொன்னால், தீபாவளி முடிந்து ஆலைகள் ஓய்ந்திருக்கும் வாரங்கள் அதற்கு வசதியானவை. அறுவைக்குப் பின் சில வாரங்கள் தூசியும் புகையும் அழுக்குத் தண்ணீரும் கண்ணில் படக் கூடாது, எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை நாள் தவறாமல் விட வேண்டும், கண்ணைக் கசக்கக் கூடாது. அந்தச் சொட்டிலும் ஸ்டீராய்டு இருக்கும். அது குறித்த நாளுக்கு மட்டும், மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொல்லும்வரை. மிஞ்சிய பாட்டிலை அடுத்த கண் எரிச்சலுக்கென்று அலமாரியில் எடுத்து வைக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.